சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி சிக்னேச்சர் செக் பண்றது, என் அனுபவம்

சர்வீஸ் கடையில இருக்கறதால தினமும் ஏதாவது ஒரு இஎக்ஸ்இ, அதாவது சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ற ஃபைல், கைக்கு வந்துடும், டபுள் கிளிக் பண்றதுக்கு முன்னாடி ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் டேப்னு போய் பாக்கறது பல வருஷமா பழகிப்போச்சு. சிக்னேச்சர்னா ஃபைல யாரு வெளியிட்டாங்கன்னு காட்டற டிஜிட்டல் கையெழுத்து, அது இருக்குன்னு பாத்துட்டு விட்டா பாதி வேலதான் ஆச்சு, யார் பேருன்னு படிக்கணும்.

ஒரு கஸ்டமர் பென்டிரைவ்ல விஎல்சி வீடியோ பிளேயர் செட்டப் கொண்டு வந்தாரு. ஐகான் அதே ஆரஞ்சு கோன், டீடெய்ல்ஸ் அமுக்கினா சிக்னேச்சர் ஓகேன்னு காட்டுது, ஆனா சைனர் பேரு விஎல்சிய உருவாக்கற வீடியோலேன் இல்ல, நான் கேள்வியே படாத ஏதோ ஒரு லிமிடெட் கம்பெனி. எவனோ விஎல்சிய தன்னோட இன்ஸ்டாலருக்குள்ள போட்டு தன் பேர்லயே சைன் பண்றதுக்கான சர்டிபிகேட் வாங்கி சைன் பண்ணி விட்டிருக்கான், ஆட்வேர், அதாவது விளம்பரம் காட்டற தொல்லை சாஃப்ட்வேர் ஒட்டி விடறவங்க வழக்கமா பண்ற வேலதான் இது. யெஸ்ஸா நோவான்னு கேக்கற பாக்ஸ்ல நீலக் கலர்ல வெரிஃபைடு பப்ளிஷர்னு வந்துடும், நம்மாளுங்க அதப் பாத்துட்டு யெஸ் அடிச்சிடுவாங்க.

அதுக்காக சிக்னேச்சர் இல்லாததெல்லாம் வைரஸ்னு டெலீட் பண்ணிடாதீங்க. ஃபைல சுருக்கற 7-ஜிப் பல வருஷமா சைன் இல்லாமதான் வந்துட்டிருந்துச்சு, மஞ்சளா அன்னோன் பப்ளிஷர்னு வரும். டெக்ஸ்ட் எடிட்டரான நோட்பேட் பிளஸ் பிளஸ் கூட 2019ல சர்டிபிகேட் விலை கட்டுப்படியாகலன்னு ஒரு வெர்ஷன சைன் பண்ணாமலே விட்டாங்க. இந்த மாதிரி கேஸ்ல அவங்க சொந்த சைட்ல எஸ்எச்ஏ-256 ஹேஷ் (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு நீளமான கோட்) போட்டிருந்தா, அத விண்டோஸோட செர்ட்யூட்டில் கமாண்ட்ல வர்றதோட ஒப்பிட்டு பாத்துப்பேன்.

இன்னொண்ணு, விண்டோஸோட கமாண்ட் விண்டோவான சிஎம்டி.இஎக்ஸ்இ ஃபைலுக்கு இந்த டேபே வராது, அதப் பாத்து பதறி ஃபோன் பண்ணவங்க உண்டு. அதோட சைன் தனியா கேட்டலாக்னு வேற ஒரு ஃபைல்ல இருக்கும், விண்டோஸ்ல கமாண்ட் அடிக்கற பவர்ஷெல்ல கெட்-ஆதன்டிகோட்சிக்னேச்சர் போட்டா வேலிட்னு வந்துடும். அதே கமாண்ட்ல ஹேஷ் மிஸ்மேட்ச்னு வந்தா மட்டும் நான் யோசிக்கறதே இல்ல, சைன் பண்ணதுக்கு அப்புறம் ஃபைல் மாறியிருக்கு, ஒண்ணு டவுன்லோட் கெட்டிருக்கும் இல்ல எவனோ கை வச்சிருப்பான், தூக்கிடுவேன். சர்டிபிகேட் எக்ஸ்பயர் ஆயிருந்தா அது வேற, சைன் பண்ண அன்னிக்கு டைம்ஸ்டாம்ப் (எப்ப சைன் பண்ணாங்கன்னு காட்டற நேர முத்திரை) விழுந்திருந்தா பிரச்சனை இல்ல.

எல்லாம் சரியா இருந்தும் மாட்டலாம், 2017ல கம்ப்யூட்டர சுத்தம் பண்ற சிசிகிளீனர் 5.33 அப்படித்தான், அவங்க சொந்த சைட்ல இருந்தே, அத தயாரிச்ச பிரிஃபார்ம் கம்பெனி பேர்ல பக்கா சிக்னேச்சரோட, உள்ள மால்வேர், டவுன்லோட் பண்ணவங்க 20 லட்சத்துக்கு மேல. சாஃப்ட்வேர உருவாக்கற எடத்துலயே எவனாவது புகுந்துட்டா இந்த டேப் என்ன பண்ணும். அதனால ஆன்டிவைரஸும் ஓடிக்கிட்டேதான் இருக்கும், கிராக் பண்ண சாஃப்ட்வேரோட ரீட்மீல அத ஆஃப் பண்ணச் சொல்லி இருந்தா அந்த ஃபைல கடை பிசில சொருகவே விடமாட்டேன், கஸ்டமர் முறைச்சாலும் சரி.