பென்சிலை நகர்த்துவதா, ஜிபிஎஸ்ஸை நகர்த்துவதா?

காங்கேயத்துக்கும் கடலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கப்பலில் இரண்டாம் அதிகாரியாக வரைபடங்களைக் கவனித்துக்கொள்ளும் நான், விடுமுறையில் ஊருக்கு வந்தால் பார்க்கும் தண்ணீர் கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர்தான். ஆனால் கடலில் நான் படும் பாட்டை சென்ற முறை மாமா வீட்டுத் திண்ணையிலேயே பார்த்துவிட்டேன்.

மாமாவிடம் 58 ஈ வரிசையில் பழைய டோபோ தாள், அதாவது நில அளவைத் துறையின் வரைபடத் தாள், ஒன்று இருக்கிறது. சிவன்மலை அடிவாரத்தில் கைபேசி காட்டிய அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துவந்து அந்தத் தாளில் பென்சிலால் புள்ளி வைத்தேன். உரிய இடத்திலிருந்து வடமேற்கே 4 மில்லிமீட்டர் தள்ளி விழுந்தது. 1:50,000 அளவுத் தாளில் அது 200 மீட்டர். “கப்பலையும் இப்படித்தான் ஓட்டுகிறாயா, மாப்பிள்ளை?” என்றார்.

தப்பு யார் மீதும் இல்லை. பூமிக்கு மாதிரியாக, அளக்க எடுத்துக்கொண்ட உருண்டைகள்தான் வேறு வேறு. பழைய இந்தியத் தாள்கள் எவரெஸ்ட் உருண்டையை வைத்து வரையப்பட்டவை. அதன் நடுக்கோட்டு ஆரம் சுமார் 6,377.3 கிலோமீட்டர். ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 உருண்டைக்கு அது 6,378.137. இரண்டின் மையங்களும் 800 மீட்டருக்கு மேல் விலகி நிற்கின்றன. எந்த உருண்டை, அதன் மையம் எங்கே என்ற இந்த அடிப்படைக்குத்தான் டேட்டம் என்று பெயர். கடலிலும் இதே கதைதான்: சார்ட் எனப்படும் கடல் வரைபடங்களில் பழையவை அந்தந்த நாட்டு டேட்டத்தில் இருக்கும்.

சரிசெய்ய முதல் வழி, கருவியின் மெனுவில் டேட்டத்தை மாற்றிவிடுவது. காட்டில் கையடக்கக் கருவியோடு நடப்பவருக்கு இதைவிடச் சுலபம் கிடையாது. கப்பலில் எனக்கு இது பிடிக்காது. அங்கே ஜிபிஎஸ் தனியாள் இல்லை. மின்னணு வரைபடமும், நம் நிலையை மற்ற கப்பல்களுக்கு அறிவிக்கும் ஏஐஎஸ்ஸும் அதன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன, இரண்டுமே எதிர்பார்ப்பது டபிள்யூஜிஎஸ் 84 எண்களை. ஒரு சார்ட்டுக்காக மாற்றியதை அடுத்த சார்ட்டுக்கு வரும்போது திருப்பி வைக்க மறந்தால் யாருக்கும் தெரியாது. திரையில் எண்கள் அதே அழகோடுதான் ஓடும். போதாததற்கு ‘இந்தியன்’ என்ற பெயரிலேயே வங்கதேசத்துக்கு ஒன்று, தாய்லாந்துக்கு ஒன்று என்று வெவ்வேறு கணக்குகள் உண்டு.

இரண்டாவது, சார்ட்டிலேயே அச்சிட்டிருக்கும் குறிப்பு. செயற்கைக்கோள் நிலையை இத்தனை நிமிடம் தெற்கே, இத்தனை நிமிடம் கிழக்கே நகர்த்திக் குறிக்கவும் என்று நூறில் ஒரு பங்கு நிமிடம் வரை சொல்லும். அட்சரேகையில் 0.01 நிமிடம் என்பது சுமார் 18.5 மீட்டர். கருவியைத் தொடுவதில்லை, பென்சில்தான் நகர்கிறது. என் ஓட்டு இதற்கே. ஒரு கண்ணி உண்டு: அந்தக் குறிப்பு ஜிபிஎஸ்ஸிலிருந்து சார்ட்டுக்குப் போகும் திசைக்கு எழுதியது. சார்ட்டிலிருந்து ஒரு புள்ளியை எடுத்துக் கருவியில் ஏற்றும்போது தலைகீழாகக் கூட்டிக் கழிக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் நான் குறிப்பு சொன்ன திசையிலேயே நகர்த்தி ஏற்றிவிட்டேன். பிழை தீருவதற்குப் பதில் இரட்டிப்பானது. கேப்டன் ஒன்றும் சொல்லாமல் அழிப்பானை நீட்டினார்.

கணக்குப் போட்டே மாற்றுவது மூன்றாவது. இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் சேர்த்து வெளியிடப்பட்ட மூன்று எண்கள் 295, 736, 257 மீட்டர். மையத்தை மூன்று அச்சுகளிலும் நகர்த்தும் அளவுகள் இவை. ஒவ்வொன்றிலும் 10 முதல் 15 மீட்டர் ஐயம் இருப்பதால் நிலத் தகராறுக்கு உதவாது, நடுக்கடலுக்குத் தாராளம். நகர்வோடு சுழற்சியையும் அளவு மாற்றத்தையும் சேர்க்கும் ஏழு எண் முறை நுட்பமானது, ஆனால் அதற்கு இரு டேட்டங்களிலும் நிலை தெரிந்த பொதுப் புள்ளிகள் கைவசம் வேண்டும்.

புதுத் தாள் வாங்குவது நாலாவது. 2005 வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்காக வந்த வரிசை டபிள்யூஜிஎஸ் 84-லேயே இருக்கிறது, மாற்றவே வேண்டாம். மாமாவுக்கு அது ஆகாது. தூர்ந்துபோன அவருடைய கிணறு பழைய தாளில்தான் இருக்கிறது.

அந்த மூன்று எண்களை வைத்துக் கணக்குப் போட்டேன். காங்கேயம் பக்கத்துக்கு 172 மீட்டர் தெற்கே, 129 மீட்டர் கிழக்கே என்று வந்தது. புள்ளியை அழித்து நகர்த்தி வைத்தேன். அடிவாரத்தில் போய் உட்கார்ந்தது. மாமா தாளின் ஓரத்தில் தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டார்: ‘போன் புள்ளி – தெற்கே மூன்றரை மில்லி, கிழக்கே இரண்டரை மில்லி.’