40 வாட் ஆம்ப்ளிஃபயரை வீட்டுக்குள் அடக்க: அட்டெனுவேட்டரா, லூப் பெட்டியா?

வால்யூம் குமிழை ஒன்றிலிருந்து ஒன்றரைக்குத் திருப்பினால் சமையலறை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுக்கும். இரண்டைத் தொட்டால் கீழ்வீட்டு அம்மா படியேறி வந்து, பேத்தி இப்போதுதான் தூங்கினாள் தம்பி என்பார். கோபமாகக்கூடச் சொல்லமாட்டார், அதனாலேயே எனக்கு இன்னும் சங்கடமாக இருக்கும். இரண்டு 6எல்6 வால்வுகளும் (சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள்) ஒரு 12 அங்குல ஸ்பீக்கரும் கொண்ட 40 வாட் கிட்டார் ஆம்ப் அது. பழையதாக வாங்கினேன். அதன் ஓசை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்பதால் விற்க மனம் வரவில்லை. சத்தத்தைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் என்ற கருவியோடு ஓராண்டு வாசித்தேன். அதை விற்றுவிட்டு, எஃபெக்ட்ஸ் லூப்பில் (ஆம்பின் நடுவிலிருந்து சிக்னலை வெளியே எடுத்துத் திரும்ப உள்ளே விடும் இணைப்பு) மாட்டும் சிறிய வால்யூம் பெட்டி ஒன்றை நானே செய்துகொண்டேன். இன்றைக்கும் அந்தப் பெட்டியோடுதான் வாசிக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பாதி வாட் என்றால் பாதிச் சத்தம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வாட் பாதியாகும்போது குறைவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்குப் பாதியாகத் தோன்றவேண்டுமானால் சுமார் 10 டெசிபல் குறையவேண்டும். அதாவது 40 வாட் 4 வாட்டாகவேண்டும். கிட்டார் ஸ்பீக்கர்களில் பல, ஒரே ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 98 டெசிபல் அளவுக்கு முழங்கும். வீட்டில் உறுத்தாமல் வாசிக்க 75 டெசிபல் போதும் என்று வைத்துக்கொண்டால், ஸ்பீக்கருக்குப் போகவேண்டியது 5 மில்லிவாட்தான். ஆகவே பின்பக்கத்தில் பாதித்திறன் ஸ்விட்ச் இருக்கிறது என்பதற்காக எந்த ஆம்பையும் வாங்காதீர்கள். 1 வாட் ஆம்ப் வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பதும் சரியில்லை. அதை முழுக்கத் திருகினாலும் டம்ளர் கிணுகிணுக்கும். ஆம்பைச் சுவர் பக்கம் திருப்புவது, மேலே போர்வை போர்த்துவது எல்லாம் உச்சத்தைத்தான் மழுக்கும். தரை வழியாகக் கீழே இறங்கும் அடிநாதம் அப்படியே இறங்கும். போர்வை போர்த்தினால் வால்வின் சூடு வெளியேற வழியில்லாமல் போகும் என்பது தனிக் கவலை.

மிஞ்சுவது இரண்டு வழிகள். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்து, வரும் மின்சக்தியில் பெரும்பகுதியைச் சூடாக்கிக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் ஸ்பீக்கருக்கு விடுவது அட்டெனுவேட்டர். பாஸ்டன் இசைக்குழுவின் டாம் ஷோல்ஸ் உருவாக்கிய ‘பவர் சோக்’ இந்த வகையில் பெயர்பெற்றது. லூப் பெட்டி அதற்கு முன்னாலேயே வேலையை முடித்துவிடுகிறது: ஓசைக்கு நிறம் தரும் முன்பகுதியான ப்ரீஆம்பிலிருந்து, ஸ்பீக்கரை ஓட்டும் பின்பகுதியான பவர் ஆம்புக்குப் போகும் சிக்னலை நடுவழியில் குறைக்கிறது. பவர் ஆம்புக்கு வருவதே குறைவு, அதனால் சத்தமும் குறைவு.

அட்டெனுவேட்டரின் பெரிய கவர்ச்சி, ஆம்பை எட்டுக்கும் ஒன்பதுக்கும் திருகி வைத்துவிட்டு பவர் வால்வுகள் கொதித்துத் தரும் அந்த அடர்த்தியான உறுமலைச் சிறு சத்தத்தில் கேட்கலாம் என்பது. மேடைக்கும் ஒத்திகைக்கும் அது உண்மை. 6 டெசிபல், 10 டெசிபல் குறைக்கும்போது என்னுடையது அருமையாகவே ஒலித்தது. வீட்டு அளவுக்கு 30 டெசிபலுக்கும் மேல் இறக்கியபோதுதான் ஏமாற்றம். அடிநாதமும் உச்சமும் கரைந்து நடுப்பகுதி மட்டும் பிசுபிசுத்தது. பழியை முழுக்க அட்டெனுவேட்டர் மேல் போடமுடியாது. சத்தம் குறையக் குறைய நம் காது இரு ஓரங்களையும் குறைவாகக் கேட்கிறது என்று 1933இலேயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியிருக்கிறார்கள். கூடவே, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு அசைந்து தரும் உயிரும் 5 மில்லிவாட்டில் கிடைக்காது.

என் முடிவைத் தீர்மானித்தது இதுதான்: வீட்டுச் சத்தத்தில் வால்வின் கொதிப்பு காதுக்குப் பாதிதான் வந்து சேருகிறது, வால்வின் தேய்மானமோ முழுதாக நடக்கிறது. கேட்பது கிசுகிசுப்பாக இருந்தாலும், உள்ளே ஆம்ப் மைதானத்தில் வாசிப்பதுபோலவே உழைக்கிறது. தினமும் மாலை இரண்டு மணி நேரம் அப்படி உழைக்க வைத்தேன். பதினோராவது மாதம் ஒரு நாள், அறை விளக்கை அணைத்திருந்த நேரம், ஒரு வால்வின் உள்ளிருக்கும் சாம்பல் நிறத் தகடு அடுப்புக் கரிபோல மங்கிய சிவப்பில் ஒளிர்வதைக் கண்டேன். ஸ்விட்சை நோக்கிக் கை போவதற்குள் ஃபியூஸ் போய்விட்டது. அந்த வால்வுகள் ஆம்போடு பழையதாக வந்தவை. அவற்றின் வயது எனக்குத் தெரியாது. அதனால் அட்டெனுவேட்டர்தான் கொன்றது என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் மாற்றும்போதுதான் செலவு புரிந்தது. 6எல்6 இன்று ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளிலிருந்துதான் வரவேண்டும். ஒத்த ஜோடியாக வாங்கவேண்டும். பிறகு பயாஸ், அதாவது வால்வு ஓய்வில் இழுக்கும் மின்னோட்டத்தின் அளவு, சரிபார்க்கவேண்டும். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கெபாசிட்டர்களில் நிற்கும் என்பதால் அது தெரிந்தவர் செய்யவேண்டிய வேலை. வால்வு வாங்கிய பணத்தில் லூப் பெட்டி பத்துக்கு மேல் செய்திருக்கலாம்.

பெட்டிக்குள் இருப்பது ஒரு வால்யூம் கன்ட்ரோல், இரண்டு கால் அங்குல ஜாக், மூன்று கம்பித் துண்டுகள். சென்னை ரிச்சி தெருவில் எல்லாம் கிடைத்தன. கன்ட்ரோலின் முதுகில் ‘ஏ’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்; அது சத்தத்தைக் காதுக்கு ஏற்றபடி மெல்ல ஏற்றும் லாக் வகை. நான் முதலில் அவசரத்தில் ‘பி’ வாங்கிவிட்டேன். குமிழின் முதல் சிறு திருப்பிலேயே சத்தம் பாய்ந்துவிட்டது, எந்தத் தொல்லைக்காகப் பெட்டி செய்தேனோ அதே தொல்லை. மதிப்பு 25கே (25 ஆயிரம் ஓம்) போதும். 100கே போட்டு நீளமான கேபிளும் மாட்டினால் உச்சம் மங்கும். ஒரு சாண் கேபிள்கள் இரண்டு போதும். இப்போது ஆம்பின் குமிழை நான்கில் வைத்துவிட்டு, பெட்டியின் குமிழால் இழையிழையாக ஏற்றி இறக்குகிறேன். ப்ரீஆம்பின் நிறம் அப்படியே வருகிறது. உறுமல் வேண்டுமென்றால் முன்னால் ஓர் ஓவர்டிரைவ் பெடல். பவர் வால்வுகள் வெறுமனே சூடேறி உட்கார்ந்திருக்கின்றன.

குறை இருக்கிறது. பவர் ஆம்பின் இரைச்சலையும் ரீங்காரத்தையும் பெட்டியால் தொடமுடியாது. இரவில் அது தனியாகக் கேட்கும். அட்டெனுவேட்டர் இசையோடு அதையும் சேர்த்து அடக்கிவிடும், இந்த ஒன்றில் அதுவே மேல். லூப் ‘சீரீஸ்’ வகையாகவும் இருக்கவேண்டும். ‘பேரலல்’ லூப் என்றால் சிக்னலின் ஒரு பங்கு பெட்டியைத் தொடாமலே போய்விடும். ஸ்பீக்கருக்குப் பதிலாகச் சுமையாக நின்று ஹெட்ஃபோனில் கேட்க உதவும் லோட் பாக்ஸை ஒரு நண்பரிடம் வாங்கி இரண்டே வாரம் பயன்படுத்தினேன். நள்ளிரவுக்கு அதுதான் வழி என்று தோன்றுகிறது, அதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

லூப்பே இல்லாத ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு அட்டெனுவேட்டரைத்தான் சொல்வேன். ஆம்பின் வாட்டைப்போல் இரு மடங்கு தாங்குவதாக, ஸ்பீக்கரைப் போலவே இழுத்துக்கொடுக்கும் ‘ரியாக்டிவ்’ வகையாக வாங்குங்கள். ஓம் அளவு ஆம்போடும் ஸ்பீக்கரோடும் பொருந்தவேண்டும்: 8 என்றால் 8. இணைக்க ஸ்பீக்கர் கேபிளையே பயன்படுத்துங்கள். கிட்டார் கேபிள் மெல்லியது, அந்த மின்னோட்டத்துக்குச் செய்ததல்ல. நடுவில் அது அற்றுப்போனால் ஆம்ப் சுமையில்லாமல் ஓடி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே எரிந்துபோகலாம்.