செந்தூல் முதியோர் இல்லம்: கவனிப்பு நிறைவு, பொழுதுதான் நகரவில்லை

கோலாலம்பூர் செந்தூலில் அம்மா இருக்கும் இல்லம் எப்படி என்று நிறைய பேர் கேட்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். பெயர் வேண்டாம். சாப்பாடு, குளியல், மாத்திரை எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது, இடம் சுத்தம், பணிப்பெண்கள் அன்பானவர்கள். கட்டும் வெள்ளிக்கு அதில் குறையே சொல்ல மாட்டேன்.

குறை பசியாறின பிறகுதான் ஆரம்பிக்கிறது. சுவரில் அட்டவணை ஒட்டியிருக்கிறார்கள், பிங்கோ, வண்ணம் தீட்டுதல், உடற்பயிற்சி என்று. பிங்கோவில் எண்களை இங்கிலீஷிலும் சீனத்திலும் கூப்பிடுகிறார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கிய அம்மா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். வண்ணம் தீட்டக் கொடுப்பது பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கான யானைப் படம். எனக்கு மனசே ஆறவில்லை. உடற்பயிற்சி என்றால் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கையை ஆட்டுவது, அவ்வளவுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி, 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் கீழே விழாமல் இருக்க வாரம் 3 நாளாவது உடல் சமநிலைக்கும் வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, இதற்கெல்லாம் கருவி எதற்கு, பக்கத்தில் ஒரு ஆள் நின்றால் போதுமே.

பூக்கட்ட வைத்துப் பார்க்கலாமா என்று நிர்வாகியிடம் பேசினேன், பொறுமையாகக் கேட்டார், சரி, செய்து பாருங்கள் என்றார். ஒரு வெள்ளிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் உதிரி மல்லிகை வாங்கிக்கொண்டு போனேன். காலை நீட்டிக் கட்டைவிரலில் நூலை மாட்டிக் கட்டிய காலம் போய்விட்டதால் சக்கர நாற்காலியின் கைப்பிடியில் முடிந்து கொடுத்தோம். மறதி நோயில் மகள் பெயரையே மறந்துவிட்ட ஒரு பாட்டி, இரண்டு பூவை இந்தப் பக்கமும் இரண்டை அந்தப் பக்கமும் வைத்து, நூலைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டார் பாருங்கள், விரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. சரம் அப்படியே சாமி படத்துக்குப் போனது. அதைப் பார்த்துவிட்டு அம்மா, நாளைக்கும் பூ வருமா என்று கேட்டார்.

இப்படி எவ்வளவோ செய்யலாம். கீரை ஆயலாம், துண்டு மடிக்கலாம், மின்னல் எஃப்எம்மில் பழைய பாட்டு வைக்கலாம், சீனத் தாத்தாக்களுக்கு மாஜோங் மேசை போடலாம். மறதி நோய் உள்ளவர்களில் பலருக்குச் சாயங்காலம் ஆனால் படபடப்பு கூடும், அந்த நேரத்தில்தான் இங்கே டிவியை அலற விடுகிறார்கள், அதை முதலில் நிறுத்த வேண்டும். ஆனால் குளிப்பாட்டிச் சோறு ஊட்டும் அதே பிள்ளைகளேதான் இதையும் நடத்த வேண்டியிருக்கிறது, அவர்களும் பாவம், எத்தனைதான் செய்வார்கள்? அதற்கென்று தனியாக ஒரு ஆள் வேண்டும். இன்னும் போடவில்லை, நான் போகாத வெள்ளிக்கிழமை பூவும் இல்லை.

வீட்டிலிருந்தே போய்வர முடிந்தவர்களுக்குச் சமூக நலத் துறையின் முதியோர் நடவடிக்கை மையங்கள் இருக்கின்றன, பாவே என்பார்கள், 60 வயதானால் சேரலாம், அதையும் விசாரித்துப் பாருங்கள். இல்லத்தில்தான் சேர்க்க வேண்டும் என்றால் சுற்றிக் காட்ட அவர்கள் அழைக்கும் காலை நேரத்தை விட்டுவிட்டு மத்தியானம் மூன்று மணிக்கு மேல் போங்கள், நடவடிக்கைக்குத் தனி ஆள் உண்டா என்று நேராகக் கேளுங்கள். இப்போதைக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், ஆள் போட்டால் மாற்றி எழுதுகிறேன்.