நாற்காலி பழசு, மேசை புதுசு: பாரிமுனை அறைக்கு எது தேறும்?

சென்னைப் பாரிமுனையில் தம்புச்செட்டித் தெரு, லிங்கிச்செட்டித் தெரு, அரண்மனைக்காரன் தெரு பக்கத்து ஆபீஸ்களுக்கு ஒரே முகஜாடைதான். குறுகலான மாடிப்படி, பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை, நாலு பேர், சுவர் முழுக்கக் கட்டுகள். கஸ்டம்ஸ் ஹவுஸுக்கு நடக்கிற கிளியரிங் ஏஜென்ட் என்றால் ஷிப்பிங் பேப்பர், ஐகோர்ட்டுக்கு நடக்கிற வக்கீல் என்றால் கேஸ் கட்டு. இப்படி ஓர் அறைக்குச் சாமான் வாங்க மூன்று வழி இருக்கிறது. காலி செய்த ஐ.டி. கம்பெனிகளிலிருந்து வரும் பழசு. கடையில் பாலித்தீன் உறையோடு நிற்கும் பெயர் தெரியாத புதுசு. ஆசாரியையும் வெல்டரையும் வைத்துச் செய்துகொள்வது. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாற்காலிக்கு ஒரு தீர்ப்பு, மேசைக்கு வேறு தீர்ப்பு. நல்ல கம்பெனி நாற்காலியைப் பழசாக வாங்கலாம். மேசையை மட்டும் பழசாக வாங்காதீர்கள். பலர் செய்வது இதற்கு நேர்மாறு.

உறையோடு வரும் புது மெஷ் (வலைத்துணி) நாற்காலியை முதலில் பார்த்துவிடுவோம். பார்க்க அழகு, விலையும் கைக்கு அடக்கம். குறை இருப்பது இருக்கைக்கு அடியில். கடைக்காரர் 'புஷ் பேக்' என்று சொல்வதில் இருக்கையும் முதுகும் ஒரே துண்டாகச் சாய்கின்றன. சாய்ந்தால் முழங்கால் மேலே எழும்பும், பாதம் தரையை விடும். இரண்டு நாள் சாய்ந்து பார்த்துவிட்டு லீவரை உள்ளே தள்ளிப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் அது சக்கரம் வைத்த ஸ்டூல்தான். நல்ல நாற்காலியில் இருப்பது 'சிங்க்ரோ' அமைப்பு. முதுகு இரண்டு பாகை சாய்ந்தால் இருக்கை ஒரு பாகைதான் சாயும், பாதம் தரையிலேயே நிற்கும். எட்டு மணி நேரம் உட்காருகிறவருக்கு வேண்டியது இதுதான். தலைக்கு வைத்த மெத்தையும் கண்ணைப் பறிக்கும் குரோம் காலும் அதற்கு ஈடாகாது.

குரோம் காலைப் பற்றி இன்னும் ஒன்று. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக் காற்று நேராக உள்ளே வரும். இரும்பின் மேல் மெல்லிசாகப் பூசிய குரோமில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் போதும், அதன் வழியாகத் துரு கிளம்பித் தோலாக உரியும். கண்ணாடி இழை கலந்த நைலான் கால் அல்லது அலுமினியக் கால் கேளுங்கள். 'லெதரைட்' இருக்கையும் இந்த ஊருக்கு ஆகாது. அதன் மேல் பூச்சு பெரும்பாலும் பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பூச்சின் வேதிப் பிணைப்பையே அறுத்துவிடும். உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் சில வருடங்களில் கறுப்புச் செதிலாக உதிர்ந்து வெள்ளைச் சட்டையில் ஒட்டும். துணி அல்லது மெஷ் இருக்கைதான் சரி. புதுசுதான் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால், வேலை நாற்காலிக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 17631:2022, மேசைக்கு ஐ.எஸ். 17633:2022. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அந்த எண் இருக்கிறதா என்று கேளுங்கள். "எல்லாம் எக்ஸ்போர்ட் குவாலிட்டி சார்" என்பது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

இனி பழசு. கோத்ரெஜ், ஃபெதர்லைட், ஸ்டீல்கேஸ், எப்போதாவது ஹெர்மன் மில்லர்கூடப் பழைய சாமான் குவியலில் தென்படும். கடைக்காரர் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருப்பார், அந்தப் பளபளப்பில் ஒன்றும் இல்லை. நாற்காலியைக் கவிழ்த்துப் போடுங்கள். இருக்கைக்கு அடியில் பெரும்பாலும் லேபிள் இருக்கும். மாடலும் தயாரித்த மாதம், வருடமும் அதில் தெரியும். லேபிளைச் சுரண்டி எடுத்திருந்தால் அந்த நாற்காலிக்குக் கேட்கிற விலையில் பாதியைப் பேசுங்கள்.

அடுத்து 'ஹைட்ராலிக்'. பெயர்தான் அப்படி, உள்ளே எடையைத் தாங்குவது அழுத்தி அடைத்த நைட்ரஜன். இருக்கையை முழு உயரத்துக்கு ஏற்றி, தண்டு வெளியே தெரியும் இடத்தில் ஒரு செல்லோடேப் ஒட்டுங்கள். பத்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். டேப் கீழே இறங்கியிருந்தால் சீல் போய்விட்டது. அதற்காக நாற்காலியையே ஒதுக்கவும் வேண்டாம், விலையைக் குறைக்கக் காரணமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் சிலிண்டரின் அளவு ஏறக்குறைய எல்லாக் கம்பெனிக்கும் பொது: வெளிக்குழாய் 50 மி.மீ., மேல்தண்டு 28 மி.மீ. நீளத்தை மட்டும் அளந்து எடுத்துப்போய் மாற்று வாங்கலாம். கிளாஸ் 3, கிளாஸ் 4 என்று இருக்கும். நாலில் குழாய்ச் சுவர் தடிமன் அதிகம். உடம்பு கனத்தவர் உட்காரும் நாற்காலிக்கு அதுவே போடுங்கள். கழற்றும்போதுதான் விபத்து நடக்கிறது. சிலிண்டர் ஆணியாலோ திருகாலோ பிடித்திருப்பதில்லை, கூம்பு வடிவத்தில் இறுகி உட்கார்ந்திருக்கிறது. ஐந்து கால் தட்டைச் சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் தட்டினால் அது கழன்றுவிடும். மேல் முனையைப் பைப் ரெஞ்சால் பிடித்துத் திருக வேண்டும். நடுவிலுள்ள ஊசியை அடிப்பது, குழாயில் துளை போடுவது, வெல்டிங் சூடு காட்டுவது எதுவும் கூடாது. உள்ளே இருப்பது அழுத்தம். புது சிலிண்டர் வரும்வரை ஒரு துண்டு பி.வி.சி. குழாயை நீளவாக்கில் கீறித் தண்டில் மாட்டினால் உயரம் அப்படியே நிற்கும். ஏற்ற இறக்க முடியாது, அவ்வளவுதான்.

கால் தட்டில் சக்கரம் செருகும் ஐந்து குழிகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். நைலானில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது விரிசலின் ஆரம்பம். அந்தத் தட்டை வாங்கவே வேண்டாம். சக்கரம் கெட்டிருந்தால் கவலை இல்லை. தண்டு பெரும்பாலும் 11 மி.மீ., எல்லாவற்றுக்கும் பொருந்தும். டைல்ஸ் தரைக்குக் கெட்டி நைலான் சக்கரம் வழுக்கும், சத்தமும் போடும். பாலியூரித்தேன் ஓரம் வைத்த சக்கரமாக மாற்றிக்கொள்ளுங்கள். மெஷ்ஷை உள்ளங்கையால் அழுத்தி விட்டால் உடனே திரும்ப வேண்டும். தளர்ந்த மெஷ்ஷை இறுக்க வழியே கிடையாது. ஸ்பாஞ்ச் இருக்கையைக் கட்டைவிரலால் அழுத்தும்போது பலகை தட்டுப்பட்டால் ஸ்பாஞ்ச் செத்துவிட்டது. அதை மட்டும் 40 டென்சிட்டியில் மாற்றித் தைக்கலாம், பெரிய செலவு இல்லை.

கடைசியாக, ஆனால் தவறவே கூடாதது: தையல் ஓரங்களையும் திருகுக் குழிகளையும் டார்ச்சில் பாருங்கள். மிளகுப் பொடி தூவியது போலக் கறுப்புப் புள்ளி இருந்தால் மூட்டைப்பூச்சி. அது இருக்கிற குவியலில் எந்த நாற்காலியையும் தொடாதீர்கள்.

ஹெர்மன் மில்லரின் ஏரான் கண்ணில் பட்டால் எல்லோருக்கும் ஆசை வரும். 1994இல் பில் ஸ்டம்ப்பும் டான் சாட்விக்கும் வடிவமைத்தது. ஸ்பாஞ்சே இல்லாததால் நம் வெயிலுக்கு அருமையானது. ஆனால் ஏ, பி, சி என்று மூன்று அளவு அதில் உண்டு. முதுகுச் சட்டத்தின் மேல் விளிம்பைப் பின்பக்கம் தடவுங்கள். ஒரு புள்ளி ஏ, இரண்டு பி, மூன்று சி. ஐந்தடி இரண்டு அங்குலக்காரர் சி-யில் உட்கார்ந்தால் கிணற்றில் விழுந்த மாதிரி இருக்கும்.

எந்த நாற்காலியானாலும் உட்கார்ந்து பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். முதுகு ஒட்ட உட்கார்ந்தபின் இருக்கை நுனிக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். இருக்கையை அடிமட்டம் வரை இறக்கியும் குதிகால் தரையில் படவில்லை என்றால் அது அவருக்கு உயரம். நாலு அங்குலப் பலகை ஒன்றைக் காலடியில் போட்டால் தீரும் என்பதும் உண்மைதான்.

மேசைக்கு வருவோம். பழைய வொர்க்ஸ்டேஷன் மலிவாகத் தெரியும், வாங்கிய பிறகுதான் வில்லங்கம். அவை நாலு ஆறு இருக்கைகள் சேர்ந்த கொத்தாகச் செய்யப்பட்டவை. ஒரு பக்கத்துக் கால் இரண்டு மேசைக்குப் பொது. நாலில் மூன்றை எடுத்தால் ஒன்று நிற்காது. பிரித்து ஏற்றும்போதே இணைப்பு கிளிப்புகள் பாதி தொலைந்திருக்கும். பலகை ப்ரீலாம் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசையோடு அழுத்தி மேலே வழவழப்புத் தாள் ஒட்டியது. திருகை இரண்டு மூன்று முறை கழற்றிப் போட்டால் துளை பொடிந்து பிடிப்பு போய்விடும். இதற்கெல்லாம் முன்பாக, அஞ்சுக்கு அஞ்சு 'எல்' வடிவப் பலகை நம் மாடிப்படித் திருப்பத்தில் திரும்பவே திரும்பாது. பாரிமுனையில் பகல் வேளையில் குட்டியானையை நிறுத்திக்கொண்டு இதைக் கண்டுபிடிப்பது நல்ல அனுபவம் அல்ல.

ஆகவே மேசையை ஆசாரியை வைத்துச் செய்துகொள்வதுதான் சரி. ஆனால் அளவை நீங்கள் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஆசாரி கை தானாக இரண்டரை அடி உயரம் போடும், அதாவது 76 செ.மீ. நம்மில் பாதிப் பேருக்கு அது உயரம். தோளைத் தூக்கிக்கொண்டு டைப் செய்வோம், சாயங்காலம் கழுத்து வலிக்கும், பழி நாற்காலி மேல் விழும். 28 அங்குலம் போதும். நாள் முழுக்க டேட்டா என்ட்ரி செய்பவருக்கு அடியில் ஒரு கீபோர்டு தட்டு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆழம் 27 அங்குலம். இந்த எண்ணுக்குக் கணக்கு இருக்கிறது. பத்தடி அகலம் என்பது 120 அங்குலம். இரண்டு பக்கச் சுவரையும் ஒட்டி மேசை போட்டு, நாற்காலிகள் முதுகோடு முதுகாக இருந்தால் 54 போக 66 மிஞ்சும். ஆளுக்கு 33 அங்குலம். நாற்காலியைப் பின்தள்ளி எழுந்திருக்கலாம். மேசையை 30 ஆக்கினால் ஆளுக்கு 30தான், எழுந்தால் இடிக்கும். 24 ஆக்கினால் மானிட்டர் மூக்கருகே வந்துவிடும். கண்ணுக்கும் திரைக்கும் ஒரு கை நீளம் வேண்டும். இன்னொரு லாபம்: எட்டுக்கு நாலு பிளைவுட்டில் 27 அங்குலமாக மூன்று மேசைப் பலகை வெட்டினால் 15 அங்குலப் பட்டை மிஞ்சும், அது கீபோர்டு தட்டுக்கு ஆகும். நாலாவது மேசைக்கு இரண்டாவது ஷீட். அதன் மீதியில் கட்டு அடுக்கும் ராக் தட்டுகள். முழு ஷீட்டை மாடிக்கு ஏற்ற நினைக்காதீர்கள், பிளைவுட் கடையிலேயே வெட்டி வாங்குங்கள்.

பிளைவுட் 19 மி.மீ., ஐ.எஸ். 710 (நீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்) முத்திரை உள்ளது. மேலே 1 மி.மீ. மைக்கா ஒட்டினால் கீழேயும் மெல்லிய மைக்கா ஒட்டச் சொல்லுங்கள். "கீழே யார் பார்க்கப் போறாங்க" என்று விட்டுவிடுவார்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய பலகை அடுத்த மழைக்காலத்தில் வளைந்து நிற்கும், ஈரத்தை ஒரு பக்கம் குடிக்கும், மறுபக்கம் குடிக்காது. சட்டம் ஒன்றரை அங்குல ஸ்கொயர் பைப், 16 கேஜ். துரு முதலில் வருவது வெல்டிங் மூட்டிலும் திறந்த குழாய் வாயிலும்தான். மூட்டைத் தேய்த்து ப்ரைமர் அடித்த பிறகே பெயின்ட், வாய்க்கெல்லாம் பிளாஸ்டிக் மூடி, காலடியில் திருகி ஏற்றும் புஷ். பழைய கட்டடத் தரை ஒன்றும் மட்டமாக இராது. மேசையின் பின் ஓரத்தில் 60 மி.மீ. துளை ஒன்று, ஒயருக்கு.

டிராயருக்குச் சக்கரம் வைத்த ஸ்டீல் பெடஸ்டலைப் பழசாகவே வாங்கலாம். மூன்று டிராயரையும் முழுக்க இழுத்துப் பாருங்கள், சாவி கையோடு இருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக உயரத்தை அளங்கள். 28 அங்குல மேசையில் பலகையும் சட்டமும் போக உள்ளே கிடைப்பது 25 அங்குலத்துக்குச் சற்று மேல்தான். சில பெடஸ்டல்கள் அதில் நுழையாது.

வெளிச்சத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். கணினித் திரைக்குப் பின்னாலோ எதிரிலோ இல்லாமல் பக்கவாட்டில் ஜன்னல் இருந்தால் போதும். லேசர் பிரின்டரை யு.பி.எஸ்.ஸில் மாட்டாதீர்கள், சூடேறும்போது ஒரேயடியாக இழுக்கும் மின்சாரத்தில் யு.பி.எஸ். விழுந்து நாலு கணினியும் அணைந்துவிடும்.

தரைத்தள ஆபீஸ் என்றால், வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர் பக்கத்துக்காரர்களுக்கு 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் நினைவூட்ட வேண்டியதில்லை. தரையைத் தொடும் எதிலும் பார்ட்டிகிள் போர்டு கூடாது. ஒரு நாள் தண்ணீரில் நின்றால் பணியாரமாக உப்பும், காய்ந்தாலும் பழைய வடிவத்துக்கு வராது. ராக்கின் அடித்தட்டு இரும்பாக, ஓரடி உயரத்தில் இருக்கட்டும்.

எல்லாம் வந்து இறங்கி ஒரு வாரம் ஆனதும் நாற்காலியைக் கவிழ்த்து, கைப்பிடி போல்ட்டுகளையும் இருக்கைக்கு அடியிலுள்ள நாலு போல்ட்டுகளையும் ஆலன் சாவியால் ஒரு முறை முடுக்குங்கள். கைப்பிடி உடைவது பெரும்பாலும் தளர்ந்த போல்ட்டால்தான். முடுக்கியபின் சாவியை இருக்கைக்கு அடியிலேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், மேசை டிராயரில் வைத்தால் அடுத்த முறை கிடைக்காது.