பச்சை எழுத்தை நம்பலாமா? தொடர்புப் படிவத்தின் கடிதங்களுக்கு நான்கு வழிகள்

யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாள்களுக்கு அறை கேட்டு ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் மூன்று மாதம் முன்பே எழுதத் தொடங்கிவிடுவார்கள். கோயிலுக்கு அருகில் விருந்தினர் விடுதி நடத்தும் அன்ரி ஒருவர் என்னை அழைத்தார். "தம்பி, இணையத்தளத்தில் இரண்டு தரம் எழுதினோம், பதில் போடவில்லை என்று சனங்கள் கோபிக்கிறார்கள். எனக்கு ஒரு கடிதமும் வரவில்லையே" என்றார்.

அவருடைய மடிக்கணினியிலேயே, என் பழைய யாஹூ முகவரியை இட்டு, விடுதித் தளத்தின் தொடர்புப் படிவத்தை நிரப்பி அனுப்பினேன். "உங்கள் செய்தி அனுப்பப்பட்டது" என்று பச்சை எழுத்து வந்தது. அவருடைய ஜிமெயிலில் ஒன்றும் இல்லை, ஸ்பாம் பெட்டியிலும் இல்லை. சேர்வரில் இருக்கும் அஞ்சல் மென்பொருள் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டது என்பதற்கு மேல் அந்தப் பச்சை எழுத்துக்குப் பொருள் கிடையாது.

தளத்தின் சேர்வரை நிர்வகிக்கும் பலகையான சிபனலில், அனுப்பிய கடிதங்களின் கதியைக் காட்டும் 'ட்ராக் டெலிவரி' பக்கத்தைத் திறந்தேன். 550, 5.7.26 என்ற எண்களோடு என் கடிதம் மறுக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலும் கீழும் அதே எண்களோடு வேறு பல கடிதங்கள். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் பயணம். பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

காரணம் எளிது. எழுதுபவரின் முகவரியையே அனுப்புநராகப் போடும்படி அந்தப் படிவம் அமைக்கப்பட்டிருந்தது. யாஹூவின் பெயரில் வரும் கடிதம் யாஹூவின் சேர்வரிலிருந்து வராவிட்டால் மறுத்துவிடுங்கள் என்று 2014 ஏப்ரலிலிருந்தே யாஹூ தன் டிமார்க் கொள்கையில் (தன் பெயரில் வரும் போலிக் கடிதங்களை என்ன செய்வது என்று டொமைன்காரர் சொல்லும் அறிவிப்பு) அறிவித்திருக்கிறது. ஜிமெயில் அதை மதிக்கிறது. மறுக்கப்பட்ட கடிதம் திரும்பி வந்து, யாருமே திறக்காத சேர்வர்ப் பெட்டியில் விழுந்துவிடும்.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் இதைத் திருத்துங்கள்: அனுப்புநர் உங்கள் சொந்த டொமைன், அதாவது உங்கள் தளப் பெயரில் உள்ள முகவரி (ஜிமெயில் வழியென்றால் அந்த ஜிமெயில் முகவரி), பதில் முகவரி வாடிக்கையாளருடையது. இதைச் செய்யாமல் வழியை மட்டும் மாற்றினால் காசுதான் வீண்.

முதல் வழி, ஹோஸ்டிங்கோடு இலவசமாக வரும் பி.எச்.பி. அஞ்சல், அதாவது தளம் இருக்கும் சேர்வரே நேராகக் கடிதத்தை அனுப்புவது. திருத்தத்துக்குப் பிறகு இது பல இடங்களில் ஒழுங்காகவே ஓடும். ஆனால் சேர்வரின் இணைய எண்ணான ஒரே ஐ.பி. முகவரியை உங்களோடு எத்தனையோ தளங்கள் பங்குபோடுகின்றன. அவற்றில் ஒன்று குப்பை அஞ்சல் அனுப்பினால் உங்கள் கடிதமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். பிழை வராத வரை நல்லது, வந்தால் தெரியாது. வியாபாரத்துக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

இரண்டாவது, ஜிமெயிலின் எஸ்.எம்.டி.பி. சேர்வர் (கடிதங்களை அனுப்பிவைக்கும் சேர்வர்) வழியாக அனுப்புவது. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, படிவத்துக்கென்று தனியாக 16 எழுத்துள்ள செயலிக் கடவுச்சொல்லை எடுத்து, 587ஆம் போர்ட்டில் (சேர்வரின் இணைப்பு வாசல்) இணைத்தால் அரை மணி நேரத்தில் வேலை முடியும். சாதாரணக் கணக்குக்கு நாளொன்றுக்கு 500 என்ற வரம்பு ஒரு விடுதிக்குத் தாராளம். தடுமாற்றம் வேறு இடத்தில் வருகிறது. கணக்கின் கடவுச்சொல்லை யாராவது மாற்றினால் செயலிக் கடவுச்சொல் ரத்தாகிவிடும். எங்கள் ஊரில் அம்மாவின் ஜிமெயிலைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோதான். அவர் பாதுகாப்புக்காக அங்கே கடவுச்சொல்லை மாற்றுவார், இங்கே படிவம் ஊமையாகிவிடும்.

மூன்றாவது, சொந்த டொமைனில் ஓர் அஞ்சல் பெட்டியை எடுத்து அதன் எஸ்.எம்.டி.பி. வழியாக அனுப்புவது. இங்கே டொமைனின் விவரங்களை இணையத்துக்குச் சொல்லும் டி.என்.எஸ். பதிவுகளில் கவனம் தேவை. இந்தச் சேர்வர் என் பெயரில் அனுப்பலாம் என்பது எஸ்.பி.எஃப். பதிவு, கடிதத்தில் இடும் கையொப்பம் டிகிம். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப். பதிவுதான் இருக்கலாம். பழையதை விட்டுவிட்டுப் புதிதாக இன்னொன்றைச் சேர்த்தால் இரண்டுமே பயனற்றுப்போகும். நான் அதிகம் காணும் பிழை இதுதான். எஸ்.பி.எஃப்., டிகிம் இரண்டில் ஒன்றாவது எல்லா அனுப்புநர்களுக்கும் வேண்டும் என்று 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயில் கேட்கிறது. இரண்டையும் வைத்துவிடுங்கள். தளம் ஒரு நிறுவனத்திலும் அஞ்சல் பெட்டி வேறு நிறுவனத்திலும் இருந்தால் சிபனலின் 'ஈமெயில் ரூட்டிங்' பகுதியில் 'ரிமோட்' என்று மாற்றவும் மறக்கக்கூடாது. மறந்தால், உங்கள் டொமைனுக்குத் தளத்தின் சேர்வரே அனுப்பும் கடிதத்தை அது வெளியே விடாமல் தனக்குள்ளேயே போட்டுக்கொள்ளும்.

நான்காவது, அமேசான் எஸ்.இ.எஸ்., பிரெவோ போன்ற அஞ்சல் சேவைகள். எது போய்ச் சேர்ந்தது, எது திரும்பியது என்று கடிதம் கடிதமாகக் காட்டும் பட்டியல்தான் இவற்றின் பெரும்பலம். கிளவுட் சேர்வரில் அஞ்சல் போர்ட்டுகள் மூடப்பட்டிருந்தாலும் ஏ.பி.ஐ. (மென்பொருள்கள் இணையம் வழியே ஒன்றோடொன்று பேசும் முறை) வழியாக அனுப்பலாம். பழைய மாணவர் சங்கம் ஒன்றுகூடலுக்குப் பதிவு திறந்து, ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோருக்கு உறுதிக் கடிதம் போக வேண்டுமென்றால் இதைத்தான் எடுப்பேன். நாளுக்கு ஐந்தாறு விசாரணை வரும் இடத்துக்கு இந்த அமைப்பு வேலை அதிகம். எஸ்.இ.எஸ். தொடக்கத்தில் சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டுமே அனுப்ப விடும், அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டும்.

படிவமே வேண்டாம், வட்ஸ்அப் பொத்தான் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். பக்கத்தில் அதையும் வைக்கலாம். ஆனால் திகதி, ஆட்களின் எண்ணிக்கை, சைவச் சாப்பாடு என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் கேட்டு வாங்குவது படிவம்தான்.

அன்ரிக்கு மூன்றாவது வழியைத்தான் அமைத்தேன். அதோடு, ஒவ்வொரு செய்தியும் அஞ்சலுக்குப் போகும்போதே தளத்தின் தரவுத்தளத்திலும் பதிவாகும்படி செய்தேன். வேர்ட்பிரஸில் கான்டாக்ட் ஃபார்ம் 7 பயன்படுத்துபவர்கள் ஃபிளமிங்கோ செருகுநிரலைச் சேர்த்தால் போதும். அஞ்சல் எந்த வழியில் தவறினாலும் எழுதியவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் தளத்தில் இருக்கும். நான்கு வழிகளில் எதை எடுத்தாலும் இதை விடாதீர்கள்.

பிறகு மீண்டும் என் யாஹூ முகவரியை இட்டுப் படிவத்தை நிரப்பினேன். ஜிமெயிலில் மூன்று புள்ளிகளை அழுத்தி மூலத்தைத் திறந்து, எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றுக்கும் எதிரே 'பாஸ்' என்று இருந்ததை அன்ரிக்குக் காட்டினேன். மாதத்தின் முதலாம் திகதி அவரே தன் தொலைபேசியில் படிவத்தை நிரப்பிச் சோதிக்கிறார். வந்தால் நாட்காட்டியில் ஒரு சரி அடையாளம், வராவிட்டால் எனக்கு அழைப்பு.