பாங்காங் ஏரிக்கு பேக்கேஜ் போடுகிறீர்களா? சிலிண்டரைத் திறந்து பாருங்கள்

லடாக் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான், மனைவி, 63 வயது அப்பா. சென்னையில் ஒரு டிராவல் ஏஜென்டிடம் தலைக்கு 28,000 ரூபாய் கட்டினோம், விமான டிக்கெட் தனி.

விமானம் இறங்கும் லே ஊரே 3,500 மீட்டர் உயரம், மூச்சுக்கு ஆக்சிஜன் குறைவு. விமானத்தில் போய் இறங்குகிறவர்கள் இரண்டு நாளாவது அங்கேயே படுத்துக் கிடந்து உடம்பைப் பழக்க வேண்டும். அதைக் கேட்டதற்கு, "வண்டியிலயே ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும் சார், பயப்படாதீங்க" என்றார் ஏஜென்ட். இரண்டு நாள் ஹோட்டல் செலவு அவருக்கு மிச்சம். எனக்கும் லீவு குறைவு, தலையாட்டிவிட்டேன்.

லே போய் இறங்கிய மறுநாள் காலையே ஏரிக்குக் கிளப்பிவிட்டார்கள். வழியில் சாங் லா கணவாய், 5,300 மீட்டருக்கு மேல். அங்கேயே அப்பாவுக்குப் பேச்சு குறைந்துவிட்டது. மாலையில் ஏரிக்கரையில் ஸ்பாங்மிக் கிராமத்தில் ஒரு கூடாரம். ரசீதில் 'ஏரியைப் பார்த்த காட்டேஜ்' என்று இருந்தது. சரி, அதை விடுங்கள். ஏரி அழகுதான், பொய் சொல்லக்கூடாது. எதிர்க்கரை மலை செம்பழுப்பு, தண்ணீர் நேரத்துக்கு ஒரு நீலம்.

இரவு ஒரு மணிக்கு அப்பா வாந்தி எடுத்தார். எழுந்து நிற்கச் சொன்னால் தள்ளாடினார். டிரைவரை எழுப்பி சிலிண்டரை இறக்கினோம். மாஸ்க் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் புத்தம் புதிதாக இருந்தது. மீட்டர் முள் பூஜ்யத்தில். வால்வைத் திருகினேன், உஸ்ஸென்று ஒரு சத்தம்கூட இல்லை. டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். வண்டிதான் அவருடையது, சிலிண்டர் லேயில் ஏஜென்ட்டின் ஆள் ஏற்றிவிட்டது. யாரையாவது கூப்பிடலாமென்றால், நம் ஊர் ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. அதையும் எங்களிடம் சொல்லவில்லை.

அந்த இருட்டில் லுகுங் தாண்டி, கீழே தாங்ட்சே ஊர் வரை டிரைவர்தான் கொண்டுவந்து சேர்த்தார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். விடியும்போது அப்பா டீ கேட்டார்.

ஊர் திரும்பி ஏஜென்டிடம் பணம் கேட்டால், "மலைன்னா தலைவலி வரத்தானே சார் செய்யும்" என்கிறார். விடாமல் கேட்டதும் விதிமுறைத் தாளின் நாலாம் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார்: உடல்நலக் குறைவுக்கு நிறுவனம் பொறுப்பல்ல. காலி சிலிண்டருக்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். மூன்று வாரமாக நீல டிக் மட்டும் விழுகிறது.

நேற்று அதே ஐந்து நாள் பேக்கேஜுக்குப் புது விளம்பரம் போட்டிருக்கிறார். 'ஆக்சிஜன் வசதி இலவசம்'.