கழுவாத நார்த்தூளைத் ‘தக்காளிக் கலவை’ என்று விற்கிறார்கள்: தொட்டியில் வளர்ப்போர் கவனத்திற்கு

‘அப்படியே நிரப்பி நடலாம்’ என்ற வாசகத்தோடு மூட்டையில் வரும் ஆயத்தக் கலவையை நம்பித் தொட்டியில் தக்காளி வைக்க நினைப்போர், பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் இணையவழியில் வாங்கிய மூட்டையின் மீது, கழுவிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மக்கிய தொழுவுரம், மண்புழு உரம் மூன்றும் சரிபங்கு என்று அச்சிட்டிருந்தார்கள். கொட்டிப் பார்த்தால் பெரும்பாலும் நார்த்தூள்தான். தொழுவுரத்தின் கருமையோ மண்வாசனையோ இல்லை. விற்றவரிடம் கேட்டதற்கு, நல்ல கலவை இலேசாகத்தான் இருக்கும் என்று பதில் வந்தது.

நாற்று வேர்பிடித்த பிறகு சாயம் வெளுத்தது. தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் பொருக்கு படிந்தது. அடியிலைகளின் ஓரம் கருகிச் சுருண்டது. அதையும் மீறிக் காய்த்த செடிகளில், காய் பாதி பருக்கும்போதே காம்புக்கு நேர் எதிர்ப்புறத்தில் நீர்கோத்த புள்ளியொன்று தோன்றி, நாளடைவில் கருத்து, தோல்போல் தடித்து, உள்வாங்கியது. இது பூச்சியாலோ பூஞ்சையாலோ வருவதன்று. காய்க்குக் கால்சியம் போதாததால் வரும் அடியழுகல். அதே நாற்றுகளில் சிலவற்றைச் சாதாரணத் தோட்டமண்ணில் நட்டு, அதே தண்ணீரை ஊற்றியிருந்தேன்; அவற்றில் ஒரு காய்கூட இப்படிக் கெடவில்லை.

தேங்காய் மட்டையில் பொட்டாசியம் இயல்பாகவே மிகுதி; உப்புநீரில் ஊறிய மட்டையாக இருந்தால் சோடியமும் சேர்ந்துகொள்ளும். நல்ல நீரில் பலமுறை அலசி, அதன்பின் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்தால்தான் நார்த்தூளில் ஒட்டியிருக்கும் இவை விலகி, அந்த இடத்தைக் கால்சியம் பிடிக்கும். அந்த வேலையைச் செய்யாமல் விற்றால், நாம் இடும் கால்சியத்தை நார்த்தூளே பிடித்துக்கொண்டு, சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வேருக்கு விட்டுக்கொடுக்கும். கழுவும் செலவை மிச்சப்படுத்தியவர்கள் ‘கழுவிய’ என்று அச்சடிக்கும் செலவை மட்டும் தாராளமாகச் செய்திருக்கிறார்கள்.

படங்களை அனுப்பியபோது, உங்கள் தண்ணீர்தான் சரியில்லை என்றார்கள். தண்ணீரை ஒருநாள் மிகுதியாகவும் மறுநாள் குறைவாகவும் விட்டாலும் அடியழுகல் வரும் என்பது உண்மையே. ஆனால் தோட்டமண்ணில் நின்ற செடிகளைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் இல்லை. அதற்குப் பதிலாக, தங்களிடமே விற்பனைக்கு உள்ள ‘கால்சியம் டானிக்கை’ வாங்கி இலையில் தெளிக்கச் சொன்னார்கள். எனக்கு ஆத்திரமூட்டியது இதுதான். கால்சியம் வேரிலிருந்து நீரோட்டத்தோடு மேலேறுவது. இலையில் தெளித்தது அங்கேயே தங்கிவிடுமேயன்றிக் காய்க்கு இறங்காது. குறையுள்ள சரக்கை விற்றுவிட்டு, அந்தக் குறைக்கே பலிக்காத மருந்தையும் விற்கப் பார்க்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோதோ, கெடு முடிந்துவிட்டது என்று கைவிரித்தார்கள். குறை வெளிப்படுவதோ காய் பிடித்த பிறகு.

ஆகவே, வாங்குமுன் கோகோபீட்டின் மின்கடத்துதிறன் (அதில் கரையும் உப்பு எவ்வளவு என்று காட்டும் எண்) எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். நன்கு கழுவிய சரக்கு சென்டிமீட்டருக்கு 0.5 மில்லிசீமன்ஸுக்குள் இருக்கும் என்பது வணிக வழக்கு. எண்ணைச் சொல்லாமல் மழுப்பினால் விட்டுவிடுங்கள். மூட்டை வந்த அன்றே சிறிதளவு தூளை நல்ல நீரில் ஊறவைத்து, வடித்த நீரைக் கையடக்க மின்கடத்து மானியால் அளந்து, வெறும் நீரின் அளவோடு ஒப்பிட்டுப் படமெடுத்து வையுங்கள். அளவு எகிறியிருந்தால், மீதியைப் பிரிக்காமல் கெடுவுக்குள்ளேயே திருப்பி அனுப்பிவிடலாம்.